எம்.பி.டி. ஆச்சார்யா: அரசின்மைவாதியின் வாழ்வும் எழுத்தும்

ஆய்வுச்சுருக்கம்

சென்னையில் பிறந்து, ‘இந்தியா’ இதழில் பாரதியோடு பணியாற்றி, தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தொடக்கக் குழுவில் இடம்பெற்று, பின்னர் அரசின்மைவாதியாக வாழ்ந்து மறைந்தவர் எம்.பி.டி. ஆச்சார்யா (1887–1954). தேசியவாதம், பொதுவுடைமை, அரசின்மை, அகிம்சை எனத் தனித்தனி அத்தியாயங்களாகவே அவர் வாழ்க்கை பெரும்பாலும் எழுதப்படுகிறது. அரசு என்னும் அமைப்போடு அவருக்கு நேர்ந்த தொடர் பட்டறிவே இவற்றை இணைக்கும் இழை என்பதையும், அவருடைய பிற்காலப் பொருளியல் எழுத்தின் வலிமையும் குறையும் அவ்விழையிலிருந்தே பிறக்கின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆச்சார்யா, அரசின்மைவாதம், ‘இந்தியா’ இதழ், தாஷ்கண்ட், வன்முறையற்ற பொருளியல்

சொல்லின் சுமை

தமிழில் ‘அராஜகம்’ என்பது வசைச்சொல். சட்டம் ஒழுங்கு குலைந்த ஊரையும், கேள்வி கேட்பாரற்ற அதிகாரியின் அட்டூழியத்தையும் நாளிதழ்கள் ஒரே சொல்லால் குறிக்கின்றன. ஆள்பவன் இல்லாத நிலையையும் ஆள்பவனின் கொடுமையையும் ஒரு சொல் ஒருங்கே சுட்டுவது விந்தையே. அதன் வேர் பழமையானது. அரசனில்லா நாட்டின் கேடுகளை வான்மீகி இராமாயணத்தின் அயோத்தியா காண்டம் விரித்துரைக்கிறது. மன்னனை உலகின் உயிராகக் கண்ட சங்கப் புறப்பாடல் மரபும் இதற்கு அயலானதன்று. இம்மரபில் ஊறிய மொழியில் அரசின்மையை ஒரு குறிக்கோளாக முன்வைப்பவர், வாதத்தைத் தொடங்கும் முன்னரே சொல்லோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது.

இச்சுமையை மேலும் கூட்டியது காலனிய அரசு. வெடிகுண்டும் கைத்துப்பாக்கியும் ஏந்திய தேசியப் புரட்சியாளர் அனைவரையும் அது ‘அனார்க்கிஸ்ட்’ என்றே பதிவு செய்தது. ரௌலட் சட்டம் என அறியப்படும் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப்பெயரே ‘அராஜக, புரட்சிக் குற்றங்கள் சட்டம்’ எனப் பொருள்படுவதாகும். அப்புரட்சியாளருள் பெரும்பாலோர் அரசை ஒழிக்க விரும்பியவரல்லர்; அந்நிய அரசை அகற்றித் தம் அரசை நிறுவ விரும்பியவர். 1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழக விழாவில் காந்தி தம்மையும் வேறு வகையான அராஜகவாதி என்று கூறிக்கொண்டபோது, அவர் விளையாடியது இந்தச் சொற்குழப்பத்தோடுதான். ஆச்சார்யாவின் வாழ்வில் இது முரண்நகையாக அமைந்தது. அரசின்மைக் கொள்கையில் நாட்டமில்லாத இளமையில் அவர் காவல்துறையின் கண்ணுக்கு ‘அனார்க்கிஸ்ட்’. அக்கொள்கையை முழுமனத்தோடு ஏற்ற பின்னரோ, அதே கோப்புகளில் அவர் பெரும்பாலும் பழைய சதிகாரராகவும் முன்னாள் போல்ஷெவிக்காகவும் தொடர்ந்தார்.

‘இந்தியா’ முதல் காபூல் வரை

மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சார்யா 1887 ஏப்ரல் 15 அன்று சென்னையில் பிறந்தார். மைசூர்ப் பகுதியிலிருந்து வந்து திருவல்லிக்கேணியில் வேர்கொண்ட மண்டயம் வைணவக் குடும்பங்கள் அக்காலத் தேசியப் பத்திரிகை முயற்சிகளில் முன்னின்றன. ‘இந்தியா’ வார இதழின் உரிமையாளரான எஸ்.என். திருமலாச்சாரியார் அக்குடும்ப வட்டத்தைச் சேர்ந்தவர். பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராக மயங்க இடமுண்டு; பாரதி ஆய்வில் ஈடுபடுவோர் முதலெழுத்துகளைக் கவனிப்பது நலம். 1908இல் இதழின் பதிவுபெற்ற ஆசிரியர் சீனிவாசன் கைதாகித் தண்டிக்கப்பட, பாரதி புதுச்சேரி சென்றார். அங்கிருந்து இதழ் மீண்டும் வெளிவருவதில் இளைஞர் ஆச்சார்யாவும் பங்குகொண்டார். பிரெஞ்சு எல்லைக்குள் நின்று பிரிட்டிஷ் எல்லைக்குள் எழுத்தை அனுப்பியது அந்த இதழ். எல்லைக்கோடு ஒன்றைத் தாண்டினால் குற்றவாளி குடிமகனாவதையும், குடிமகன் குற்றவாளியாவதையும் இருபத்தொரு வயதில் அவர் நேரில் கண்டார்.

1908 இறுதியில் கொழும்பு வழியாக ஐரோப்பாவுக்குப் புறப்பட்டு, பாரிஸ் சென்று, பின் லண்டனில் இந்தியா ஹவுஸை அடைந்தார். வ.வே.சு. ஐயரும் சாவர்க்கரும் அங்கிருந்தனர். 1909 ஜூலை 1 அன்று மதன்லால் திங்க்ரா கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றதையடுத்து அவ்வட்டம் சிதறியது. அதே ஆண்டில் ஆச்சார்யா, சுக்சாகர் தத் என்ற தோழரோடு ஜிப்ரால்டர் சென்றார். ஸ்பெயினுக்கு எதிராகப் போரிட்ட மொராக்கோவின் ரிஃப் மக்களோடு சேர்ந்து போர்ப்பயிற்சி பெறுவது நோக்கம். அது கைகூடவில்லை. இம்முயற்சியை இளமைத் துடுக்கு என்று கடந்துவிடலாம். ஆயினும் ‘போரிடத் தெரிந்தால் விடுதலை கிட்டும்’ என்ற அவருடைய அன்றைய நம்பிக்கையின் ஆழத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

அடுத்த பத்தாண்டுகளைச் சுருங்கக் கூறலாம். பாரிஸ், பெர்லின், கான்ஸ்டாண்டிநோபிள், நியூயார்க், கலிஃபோர்னியாவில் கதர் இயக்கத்தாரின் தொடர்பு, போர் மூண்டபின் பெர்லின் இந்தியக் குழு, பாக்தாதிலும் சூயஸ் பகுதியிலும் இந்தியப் படைவீரரிடையே பரப்புரை, 1917இல் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயவுடன் ஸ்டாக்ஹோம், 1919இல் மகேந்திர பிரதாப் முதலியோருடன் மாஸ்கோவில் லெனினைச் சந்தித்தல், பின் காபூல். இப்பட்டியலை வீரசாகசக் கதையாகச் சொல்வதே வழக்கம். ஆனால் இவ்வூர்கள் ஒவ்வொன்றிலும் அவர் நின்றது ஓர் அரசின் வாசலில் என்பதே கருதத்தக்கது. ஜெர்மன் பேரரசும் உதுமானியப் பேரரசும் இந்திய விடுதலையைப் பிரிட்டனுக்கு எதிரான கருவியாக மட்டுமே மதித்தன. ஆப்கானிஸ்தான் பிரிட்டனோடு சமரசப் பேச்சில் இறங்கியதும் காபூலில் இந்தியப் புரட்சியாளருக்கு இடம் சுருங்கியது. ஒவ்வோர் அரசும் தன் நலன் மாறியதும் தன் விருந்தினரை மாற்றிக்கொண்டது.

தாஷ்கண்ட் முறிவு

1920 கோடையில் காபூலிலிருந்து தாஷ்கண்டை அடைந்த ஆச்சார்யா, அகிலத்தின் இரண்டாம் மாநாட்டிலும் கலந்துகொண்டார். அக்டோபர் 17 அன்று தாஷ்கண்டில் எழுவர் கூடி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தனர்: எம்.என். ராய், ஈவ்லின் ட்ரெண்ட், அபனி முகர்ஜி, ரோசா ஃபிட்டிங்கோஃப், முகமது அலி, முகமது ஷஃபீக், ஆச்சார்யா. டிசம்பரில் ஆச்சார்யா தலைவரானார். 1921 ஜனவரி முடிவதற்குள் அப்பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். கட்சியின் தோற்றத்தை 1920 எனக் கொள்வதா, 1925 கான்பூர் மாநாடு எனக் கொள்வதா என்னும் நெடிய வழக்கில் ஆச்சார்யாவின் பெயர் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அவர் ஏன் விலகினார் என்ற கேள்வி அவ்வழக்கில் இரு தரப்பாருக்கும் தேவைப்படவில்லை. தாஷ்கண்ட் கூட்டத்தின் இருப்புக்குச் சான்று ஒரு பெயர்ப்பட்டியல். பட்டியலில் உள்ளவரின் சிந்தனை வேறு பொருள்.

ராயோடு கொண்ட தனிப்பட்ட பகையே அவரை அரசின்மைப் பக்கம் தள்ளியது என்பாருண்டு. பகை இருந்தது உண்மை; இருவருமே மென்மையான நாவினர் அல்லர். எனினும் பூசலின் உள்ளடக்கம் நோக்கத்தக்கது. கிலாஃபத் உணர்வால் நாடு துறந்து வந்த முகாஜிர் இளைஞரைப் பொதுவுடைமைக் கட்சிக்குள் கொணர்வதா, பிரிட்டிஷ் எதிர்ப்பு என்ற பரந்த அமைப்பில் நிறுத்துவதா என்பது ஒரு சிக்கல். ஒருசிலர் கூடிய குழு, கடல்கடந்த ஒரு நாட்டின் உழைப்பாளர் அனைவருக்காகவும் முடிவெடுக்கலாமா என்பது மற்றொன்று. இரண்டிலும் ஆச்சார்யா கேட்டது ஒன்றே: யாருக்காக யார் முடிவெடுப்பது? பின்னாளில் அவர் எழுதிய அரசெதிர்ப்புக் கட்டுரைகளின் கரு இந்த நடைமுறைக் கேள்வியில் இருக்கிறது. பக்கூனினையோ குரோபோட்கினையோ படித்ததன் விளைவாக மட்டும் அவருடைய மாற்றத்தைக் காண்பது அவருடைய அரசியல் பட்டறிவைக் குறைத்து மதிப்பதாகும்.

மாஸ்கோவில் அவர் அமெரிக்க நிவாரண அமைப்பில் சிறிது காலம் பணிசெய்தார். அலெக்சாண்டர் பெர்க்மன், எம்மா கோல்ட்மன் போன்றோரின் அறிமுகம் கிடைத்தது. ஓவியர் மக்தா நாக்மனை மணந்தார். கவிஞர் மரீனா த்ஸ்வெதாயெவாவை 1913இல் வரைந்தவர் மக்தா. பெர்லினிலும் பம்பாயிலும் அவருடைய தூரிகையே பெருமளவு குடும்பத்தைக் காத்தது. அரசியல் வாழ்க்கை வரலாறுகள் இதை ஒரு வரியில் சொல்லிச் செல்வது குறையே. பணமற்ற சமூகத்தை வாதிட்டவரின் இல்லத்திற்கு, படம் விற்றால்தான் அடுப்பெரியும் என்பது அன்றாட உண்மையாக இருந்தது.

1922 இறுதியில் இருவரும் பெர்லின் சென்றனர். அப்போதுதான் சிண்டிக்கலிஸ்ட் தொழிற்சங்கங்களின் பன்னாட்டு அமைப்பு அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. ஆச்சார்யா அதனோடு இணைந்து, அதன் வெளியீடுகளை இந்தியாவுக்கு அனுப்பினார். இந்திய அரசு அவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது. நியூயார்க்கின் ‘ரோடு டு ஃப்ரீடம்’, பிரான்சின் ‘லாந்தெயோர்’ முதலிய அரசின்மை இதழ்களில் எழுதலானார். முதலாளியத்தில் முதலாளி பலர், போல்ஷெவிசத்தில் முதலாளி ஒருவரே, அவர் அரசு. கூலி முறை இரண்டிலும் மாறவில்லை: அவருடைய வாதத்தை இவ்வாறு சுருக்கலாம்.

இதே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் முற்போக்கு எழுத்து எதிர்த்திசையில் சென்றது. சிங்காரவேலர் சோவியத் அமைப்பை அறிவியல் நோக்கோடு போற்றி எழுதினார். 1932இல் பெரியார் ரஷ்யா சென்று மீண்டபின் ‘குடி அரசு’ வட்டத்தில் சமதர்மம் முழங்கியது. அந்நாட்களில் சென்னையில் பிறந்த ஒருவர், சோவியத் நாட்டில் வாழ்ந்து வெளியேறிய பட்டறிவோடு பெர்லினிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய தொகுக்கப்பட்ட கட்டுரைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளில் வெளிவந்தவை. தமிழ் இதழோடு தொடங்கிய வாழ்வின் முதிர்ந்த சிந்தனை தமிழ் விவாதத்தின் பகுதியாகவில்லை. இடதுசாரிச் சிந்தனையில் அரசு பற்றிய ஐயம் தமிழில் நெடுங்காலம் மெலிந்தே ஒலித்ததற்கு இது ஒன்றே காரணமன்று. ஆனால் கேட்டிருக்க வேண்டிய குரல் இது.

1937: ஒரு நினைவுத்தொடர்

நாஜிகளின் எழுச்சிக்குப் பின், 1934இல் ஆச்சார்யாவும் யூதத் தந்தைக்குப் பிறந்த மக்தாவும் பெர்லினை விட்டகன்றனர். 1935இல் ஆச்சார்யா பம்பாய் வந்தடைந்தார். 1937 ஜூலை முதல் அக்டோபர் வரை புணேயின் ‘மராட்டா’ ஆங்கில வார இதழில் அவருடைய நினைவுகள் தொடராக வந்தன. பி.டி. யாதவ் 1991இல் அவற்றை நூலாக்கினார். தமிழக ஆய்வாளர் பெரிதும் கையாள்வது இத்தொடரையே. புதுச்சேரி, இந்தியா ஹவுஸ், ஜிப்ரால்டர் எனத் தேசிய இயக்க வரலாற்றுக்கு வேண்டியவை அதில் உண்டு. அதனாலேயே அதை எழுதியவர் ஒரு தேசியப் புரட்சியாளர் என்ற படிமம் நிலைத்துவிட்டது.

அதை எழுதும்போது அவர் அரசின்மைவாதியாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. தொடர் வெளிவந்துகொண்டிருந்த அதே மாதங்களில் சோவியத் நாட்டில் நிகழ்ந்தவற்றையும் உடன்வைத்து நோக்க வேண்டும். 1937 ஜூலையில் லெனின்கிராடில் சட்டோபாத்யாய கைதானார். செப்டம்பர் 2 அன்று கொல்லப்பட்டார். தாஷ்கண்ட் எழுவருள் ஒருவரான அபனி முகர்ஜி அக்டோபர் 28 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். இச்செய்திகள் வெளியுலகுக்கு உறுதியாகத் தெரிய நெடுங்காலம் ஆயிற்று. பம்பாயில் ஒருவர் பழைய தோழமையை நினைவுகூர்ந்து எழுதிக்கொண்டிருக்க, அத்தோழர்கள், அவர் எந்த அரசை ஐயுற்று வெளியேறினாரோ அந்த அரசின் கையால் மடிந்துகொண்டிருந்தனர். அகிலத்திலிருந்து 1929இல் வெளியேற்றப்பட்ட ராய் உயிர்தப்பினார். தாஷ்கண்டில் முரண்பட்ட இருவரும் இந்தியா திரும்பி, கட்சிக்கு வெளியே தத்தம் வழியில் சிந்தித்தனர். ஆச்சார்யாவின் வரலாற்றை எழுதிய சி.எஸ். சுப்பிரமணியம் சென்னைப் பொதுவுடைமை இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். 1995இல் வெளிவந்த அந்நூல் கட்சிக் கண்ணாடியைக் கழற்றிவைத்து அவரை அணுக முயன்றது. அந்த நேர்மைக்காகவே அது மீண்டும் படிக்கத்தக்கது. ஒலே பிர்க் லார்சன் 2019இல் தொகுத்த கட்டுரைகளும் 2023இல் எழுதிய வாழ்க்கை வரலாறும் ஆச்சார்யாவை உலக அரசின்மை இயக்கத்தின் வலைப்பின்னலில் நிறுத்துகின்றன. இனித் தமிழில் செய்யும் ஆய்வு நினைவுத்தொடரோடு நின்றுவிட முடியாது.

வன்முறையற்ற பொருளியல்

ஆச்சார்யாவின் சொந்தப் பங்களிப்பு எது என வினவினால், 1947இல் வெளிவந்த ‘வன்முறையற்ற பொருளியலின் கோட்பாடுகள்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சிறுநூலையே சுட்ட வேண்டும். படைப்பயிற்சி தேடி ஜிப்ரால்டர் சென்றவர் அகிம்சையின் பக்கம் வந்த வழி 1930இன் உப்புச் சத்தியாகிரகத்தை ஒட்டிய கட்டுரைகளில் புலப்படுகிறது. காந்தியின் ஒத்துழையாமையில் அவர் கண்டது துறவியின் அறத்தை அன்று. ஆளப்படுவோர் ஒத்துழைப்பை விலக்கினால் ஆட்சி நிற்காது என்ற அரசின்மைத் தந்திரத்தை. ஆகவே அவருடைய பாராட்டும் குறையும் ஓரிடத்திலிருந்தே எழுகின்றன. எதிர்த்து நிற்கும் காந்தி அவருக்கு உகந்தவர். ஆளப்போகும் காங்கிரசின் காந்தி உகந்தவரல்லர். வரியும் சிறையும் படையுமின்றி அரசு இல்லையாதலால், வன்முறையற்ற அரசு என்பது தன்னுள் முரண்படும் தொடர்.

சிறுநூல் இவ்வாதத்தைச் சந்தைக்கு நீட்டிக்கிறது. வன்முறை, அடிப்பதில் மட்டும் இல்லை; விலையிலும் கூலியிலும் இருக்கிறது. பசித்தவனுக்கும் தானியத்துக்கும் நடுவே பணம் நிற்கும்வரை அந்தப் பணத்தைக் காக்கக் காவலர் வேண்டும்; காவலர் இருந்தால் அரசு இருக்கும். எனவே நிலமும் கருவியும் ஊர்ப்பொதுவாகி, விற்பனைக்கன்றி நுகர்வுக்கே உற்பத்தி செய்யும் தன்னாட்சிக் குழுக்கள் வேண்டும் என்கிறார். இத்தருக்கத்தின்படி காந்தியத்தின் அறங்காவலர் கொள்கைக்கு இடமில்லை. செல்வரின் மனம் திருந்தினாலும் விலை திருந்தாது. கதரை விற்றுக் கணக்கெழுதும் கடையும் சந்தையின் உறுப்பே. அகிம்சையைத் தனிமனித ஒழுக்கத்திலிருந்து பிரித்துப் பொருளியல் அமைப்பின் பண்பாக விளக்க முயன்றது இந்நூலின் சிறப்பு.

குறைகளும் உண்டு. விலை இல்லாதபோது ஒரு வட்டாரத்தின் மிகுதியும் மற்றொரு வட்டாரத்தின் பற்றாக்குறையும் எவ்வாறு அறியப்பட்டு ஈடுசெய்யப்படும் என்பதற்கு அவருடைய விடை போதாது. நல்லெண்ணமும் தேவையும் அப்பணியைச் செய்யும் என்று விட்டுவிடுகிறார். முதலாளியம் தன் விலை முறையாலேயே விரைவில் நொறுங்கும் என்ற எதிர்பார்ப்பு அவர் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அது கணிப்பாக இல்லாமல் விருப்பமாகவே எஞ்சியது. நடை வறண்டது, ஒரே கருத்து பல இதழ்களில் சிறு மாற்றத்தோடு மீள்கிறது. பலமொழி வாசகருக்கு அஞ்சலில் எழுதிய ஒருவரிடம் இதைத் தவிர்க்க இயலாதெனினும், தொகுப்பாகப் படிப்போர்க்கு அயர்ச்சி உண்டாகிறது.

இவற்றினும் பெரிய குறை சாதியைப் பற்றியது. அவருடைய ஆய்வில் ஆதிக்கத்தின் உருவங்கள் அரசும் மூலதனமும். சாதி மையப் பொருளாகவில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசியல் சாசன வரைவை முன்வைத்த அம்பேத்கர், கிராமத்தை அடிப்படை அலகாக்க வேண்டும் என்றோரை மறுத்து, கிராமம் குறுகிய மனமும் வகுப்புணர்வும் குடிகொண்ட இடம் எனக் கண்டித்தார். அது காந்தியருக்குக் கூறப்பட்ட மறுப்பு. எனினும் தன்னாட்சிக் குழுக்களைக் கனவுகண்ட ஆச்சார்யாவையும் அது தொடும். ஊரின் பொதுநிலத்தை ஆள்வது ஊரெனில், சேரி அந்த ஊரில் அடங்குமா? அரசு விலகிய இடத்தில் சட்டமன்றி நிற்கும் ஆதிக்கச் சாதியை எது தடுக்கும்? நடைமுறையில், சாதியின் தாக்குதலுக்கு எதிராக ஒடுக்கப்பட்டோர் நாடியது அரசின் சட்டத்தையே. இக்கேள்விகளுக்கு அவர் எழுத்தில் நேர்விடை இல்லை.

இம்மௌனத்தை அவர் பிறந்த குடியைக் காட்டி விளக்கிவிடுவது எளிது. ஆனால் அது முழு விளக்கமாகாது. அரசால் துரத்தப்பட்டு, கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்து, அரசுகளின் நன்மை தீமைகளை எல்லைச் சாவடிகளில் அளந்தவருடைய அரசியல் கல்வி முழுவதும் அரசு என்ற ஓர் ஆசானிடம் அமைந்தது. அரசின் முகத்தை அத்துணை நுணுக்கமாகக் காட்டிய அதே பட்டறிவு, அரசுக்கு வெளியே இயங்கும் ஆதிக்கத்தை அவர் பார்வையிலிருந்து மறைத்தது. அவர் இந்தியாவில் இல்லாத இருபத்தாறு ஆண்டுகளில்தான் வைக்கமும் மகாடும் நிகழ்ந்தன என்பதும் நினைக்கத்தக்கது.

கடைசி ஆண்டுகளில் அவருடைய எழுத்துக்கு இரு களங்கள் இருந்தன. ரஞ்சோட்தாஸ் லோட்வாலாவின் ஆதரவில் பம்பாயில் இயங்கிய நிறுவனம் ஒன்று; அதன் செயலாளராக ஆச்சார்யா பணியாற்றினார். மற்றொன்று, காந்தி மறைவுக்குப் பின் வந்த ‘ஹரிஜன்’. நிர்மாணப் பணியாளர் அவருடைய முதலாளிய மறுப்பை வரவேற்றனர். பண ஒழிப்பைப் புன்னகையோடு கடந்தனர் போலும். 1951 பிப்ரவரி 12 அன்று, தம் ஓவியக் கண்காட்சி திறக்கவிருந்த வேளையில் மக்தா காலமானார். காசநோயும் வறுமையும் வாட்ட, 1954 மார்ச் 20 அன்று ஆச்சார்யா பம்பாயில் மறைந்தார். பத்து மாதங்கள் கழித்து, அவர் பிறந்த சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, முதன்மை உற்பத்திச் சாதனங்கள் சமூக உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ அமையும் சோஷலிச பாணிச் சமுதாயத்தை நாட்டின் குறிக்கோளாகத் தீர்மானித்தது.